இரண்டாவது சாவி: கிளிநொச்சி நிதி நிறுவனக் கிளையொன்றில் பாகுபாடும் ஊழியரின் நலிவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த விதம்

2021 நவம்பர் மாதத்தில், வன்னியிலுள்ள அரசாங்க வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் ஏழு மாதங்களாக வயிற்றெரிவுக்குக் குளிசை எடுத்துவந்த 27 வயதுப் பெண்ணொருவர் உளவளத்துணைக்காக என்னிடம் அனுப்பப்பட்டார். ஒமெப்ரசோல் கேட்கவில்லை; குழாய் விட்டுப் பார்த்தபோதும் குடலில் புண் எதுவும் காணப்படவில்லை. இரவு இரண்டு மணிக்கு நித்திரை கலைந்துவிடும், பிறகு வராது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் நெஞ்சு அடைக்கும். கடைசி ஐந்து மாதங்களுக்குள் ஆறு கிலோ குறைந்திருந்தார். மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 வினாக்கொத்தில் 27 புள்ளிகளுக்கு 16 பெற்றார். பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது அந்த அளவுகோலின் வழக்கம். 15 முதல் 19 வரை என்றால் நிலைமை ஓரளவு கடுமையானது.

அனுப்புகைத் துண்டில் வைத்தியர் ஒரேயொரு வரி எழுதியிருந்தார்: “2009 இறுதிப் போரில் பாதிக்கப்பட்டவர்.” அந்த வரி பொய்யன்று. ஆனாலும் இந்த ஆய்வை எழுத வைத்தது அதுதான். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருப்பதற்காக ஊர், பதவி, காலம் ஆகியவற்றில் சில மாற்றங்களைச் செய்திருக்கிறேன்.

முதல் மூன்று சந்திப்புகளையும் நான் வீணாக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். துண்டை வாசித்துவிட்டு, பதினைந்து வயதில் அவர் எங்கே நின்றார், எந்தப் பங்கருக்குள் யாரை இழந்தார், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் எத்தனை மாதம் இருந்தார் என்று வரிசையாகக் கேட்டேன். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், புதுமாத்தளன் என்று இடம்பெயர்ந்த வழியையும், அம்மம்மா செல் விழுந்து இறந்ததையும், கிராம அலுவலரிடம் படிவம் நிரப்பக் கொடுப்பவரைப்போல ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார். மூன்றாம் நாள் எழும்பிப் போகும்போது கதவடியில் நின்றார்.

“மிஸ், அதெல்லாம் நடந்ததுதான். ஆனா நான் அதுக்கு வரேல்ல. எனக்கு வேலையில ஒரு பிரச்சினை. அதை நீங்கள் ஒருக்காவும் கேக்கேல்ல.”

ஊரின் பெயர்

இவருடைய தாத்தா மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 1977 வன்செயலுக்குப் பின் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். அவரைப்போல வந்தவர்கள் பல்லாயிரம். 1958, 1977, 1983 வன்செயல்களும், எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களில் தலைவிரித்தாடிய பட்டினியும் அலையலையாக மக்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தள்ளின. வவுனியாவில் மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களிற் பலரைக் குடியேற்றியது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். காடு வெட்டியவர்களும் களத்துமேட்டில் கூலிக்கு நின்றவர்களும் பெரும்பாலும் இம்மக்களே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய தாத்தா, கடைசிவரை தன் பெயரில் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமலே இறந்தார். அந்தக் காணிக்கு இன்றும் பத்திரம் கிடைக்கவில்லை.

இவர் கிளிநொச்சியிற் பிறந்தவர். பேச்சில் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது, தோற்றத்திலும் முடியாது. விலாசத்திற்தான் தெரியும். கிளிநொச்சிக்காரர் ஒருவரிடம் ஊரின் பெயரைச் சொன்னால், அந்த ஊருக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அவர் அந்தக் கணமே கணக்குப் போட்டுவிடுவார். நானும் அப்படிக் கணக்குப் போட்டு வளர்ந்தவள்தான்.

மலையகத்திலிருந்து வந்தவர்களை இழிவாகக் குறிக்கும் “தோட்டக்காட்டார்” என்ற சொல்லை அலுவலகத்தில் எவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒருமுறை சொன்னார். அதை நான் குறித்துவைத்தேன்.

சாவிப் பதிவேடு

க.பொ.த. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த அவர், 2017 யூனில் ஏ9 வீதியோரமாக உள்ள நிதி நிறுவனக் கிளையொன்றின் அடகுப் பிரிவில் சேர்ந்தார். நகையை உரைகல்லில் உரசி, அமிலம் ஒரு சொட்டு விட்டு, உரைத்த கோடு கரைகிறதா நிற்கிறதா என்று பார்த்துத் தரம் எழுதுவது அவரது வேலை. இதில் அவருக்குக் கைவந்த திறமை இருந்தது. 22 கரட் என்று கொண்டுவரப்படும் சங்கிலியின் கொளுக்கி மட்டும் வேறு தரமாயிருப்பதைப் பார்த்தமாத்திரத்திலேயே சொல்லிவிடுவார் என்று உடன் வேலை செய்த ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார்.

அடகு நகைகள் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று முகாமையாளரிடம் இருக்கும். மற்றையது ஊழியர் ஒருவரிடம். இரண்டும் சேர்ந்தாற்தான் பெட்டகம் திறக்கும். காலையும் மாலையும் சாவிப் பதிவேட்டில் இருவரும் நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது சாவியை வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு சிறு கொடுப்பனவு உண்டு. அதைவிட, அடுத்த பதவியுயர்வு அந்த வழியாகத்தான் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். அடகுக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு, யாருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பது, யார் அந்த இடத்துக்கு உரியவர், யார் கூலிக்கு வந்து போகிறவர் என்பதைப் பிரிக்கும் கோடு.

2020 சனவரியில் இரண்டாவது சாவி வைத்திருந்தவர் மாற்றலாகிப் போனார். இரண்டரை வருடச் சேவையுடன் அடுத்த நிலையில் இருந்தவர் இவர். சாவி, சேர்ந்து எட்டு மாதமான இளைஞர் ஒருவருக்குப் போனது. இவர் போய்க் கேட்டபோது முகாமையாளர் கோபிக்கவில்லை. விதியை எடுத்துக் காட்டினார்: சாவிப் பொறுப்பாளருக்கு இரண்டு பிணையாளர்கள் வேண்டும், அவர்கள் அரசாங்க ஊழியராக இருக்க வேண்டும், அல்லது தங்கள் பெயரில் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ வைத்திருக்க வேண்டும். இளைஞரின் மாமா ஆசிரியர், பெரியப்பாவுக்கு வயற்காணி உண்டு. இவருடைய ஊரில் அரசாங்க ஊழியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். காணிப் பத்திரமோ பலருக்கு இல்லை.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் மூன்று தலைமுறைக்கு முந்திய நாடற்ற நிலை, பத்திரமில்லாத காணி வழியாக வந்து, பேத்தியின் சாவியைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. எவருடைய மனத்திலும் தீய எண்ணம் இல்லாமலே இது நடக்கலாம். இதை மறைமுகப் பாகுபாடு என்று அழைப்பார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால், இது விதி செய்த குற்றம் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 2018இல் வேறோர் ஊழியருக்கு ஒரேயொரு பிணையாளருடன் சாவி கொடுக்கப்பட்டது. மற்றையதைப் பிறகு தரலாம் என்று அனுமதித்தவர் இதே முகாமையாளர். இவர் அதைக் கேள்வியாக எழுப்பியபோது, “அந்தப் பிள்ளையின்ர குடும்பத்தை எனக்குத் தெரியும். தங்கம் இருக்கிற இடம், ஆளின்ர பின்னணி பாக்கத்தானே வேணும்” என்று அவர் பதில் சொன்னார். ‘பின்னணி’ என்ற அந்த ஒரு சொல்லுக்கு மேல் இவரிடம் சாட்சியம் எதுவும் இல்லை.

முகாமையாளரை நான் சந்திக்கவில்லை. அவரும் உறவுகளை இழந்தவர், இரண்டு தடவை வீடு உடைந்து திரும்பக் கட்டியவர் என்று கேள்விப்பட்டேன். தான் பாகுபாடு காட்டியதாக அவர் நினைத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

மூன்று தடவை நிறுத்துப் பார்த்தல்

அந்த ‘பின்னணி’ உடலுக்குள் எப்படி இறங்கியது என்பதே இந்நிகழ்வில் நான் அதிகம் கற்ற பகுதி.

முதலில் அவர் சந்தேகித்தது தன்னைத்தான். என் வேலையில் பிழையா, பேச்சில் பிழையா, அல்லது உண்மையாகவே விதிதானா என்று இரவில் ஒவ்வொரு உரையாடலையும் திரும்ப ஓட்டிப் பார்த்தார். தேநீர் வேளையில் மூன்று பேர் சிரித்தால் எதற்குச் சிரித்தார்கள் என்று யோசித்தார். “ஏசினால் அழுதுபோட்டு விடலாம் மிஸ். இது ஏச்சோ இல்லையோ எண்டே தெரியாமல் ரெண்டு வருசம்” என்றார். தனக்கு நேர்ந்ததற்குக் காரணம் தன் குறையா, பிறரின் தப்பெண்ணமா என்று தீர்மானிக்க முடியாத இந்நிலையை 1991ஆம் ஆண்டிலேயே குரொக்கர், மேஜர் முதலிய உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெளிப்படையான அவமதிப்பு ஒருநாட் காயம். இதுவோ முள் தைத்த இடம் தெரியாமல் நடப்பது.

அடுத்து வந்தது எச்சரிக்கை. தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று உணர்ந்தபின், ஒவ்வொரு நகையையும் இரண்டு தடவை நிறுக்கத் தொடங்கினார். பிறகு மூன்று தடவை. மதியச் சாப்பாட்டை விட்டார், ஏனெனில் அவர் எழும்பிப் போன பிறகு தராசடியில் ஏதும் குறைந்தால் பழி தன்மேல் வரும் என்று பயந்தார். வெறுவயிற்றில் ஒன்பது மணிநேரம். வயிற்றெரிவுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்றாலும், அது முழு விளக்கமும் அல்ல. அச்சுறுத்தலுக்கு எழும்பும் உடல் ஓய்வே இல்லாமல் எழும்பி நின்றால், அழுத்தச் சுரப்புகள் குடலையும் நித்திரையையும் இரத்த அழுத்தத்தையும் மெதுவாகத் தேய்க்கின்றன. மக்இவன் என்ற நரம்பியல் அறிஞர் 1993 முதல் விளக்கிவந்த இந்தத் தேய்மானம், ஒரே பெரிய அதிர்ச்சியில் மட்டுமன்றி நாளாந்தச் சிறு அதிர்ச்சிகளின் தொடரிலும் சேரக்கூடியது.

மூன்றாவது கட்டம்தான் கொடியது. 2021 சனவரியில் ஒருநாள், வரிசை கதவுக்கு வெளியே நீண்டிருந்த நேரத்தில், மூன்றாம் தடவை நிறுத்துவிட்டுப் பதிவில் 16.2 கிராம் என்பதற்கு 12.6 என்று எழுதிவிட்டார். வாடிக்கையாளரே கண்டுபிடித்தார்; பத்து நிமிடத்தில் திருத்தப்பட்டது; எவருக்கும் நட்டமில்லை. ஆனால் அது கோப்பில் ஏறியது. மூன்றரை வருடங்களில் அவருடைய முதற்பிழை அதுவே. தன்னைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீட்டை மெய்ப்பித்துவிடுவேனோ என்ற பயமே கவனத்தைத் தின்று பிழையை வரவழைக்கும் என்பதை ஸ்டீல், அரன்சன் ஆகிய உளவியலாளர்கள் 1995இல் பரிசோதனை வழியாகக் காட்டினார்கள். இங்கே அந்தப் பிழை, சாவியை மறுத்தது சரிதான் என்பதற்கு ஓர் ஆண்டு கழித்து முளைத்த ஆதாரமாயிற்று. இவரும் அதை நம்பினார்.

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாராம். “வாயைப் பொத்திக்கொண்டு இரு பிள்ளை, மேசையில இருந்து வேலை செய்யிறாய், எங்கட ஆக்களுக்கு இதுவே பெரிசு” என்றாராம் தாயார்.

நாற்பது நிமிட விசாரணை

2021 மார்ச்சில் கொழும்புத் தலைமையகத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கம். நான் வாசித்திருக்கிறேன், ஒரு வசைச்சொல்லோ மிகைப்படுத்தலோ அதில் இல்லை. அடுத்த மாதம் அதிகாரியொருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர், அதே முகாமையாளருக்குக் கீழ் வேலை செய்யும் உதவியாளர். நாற்பது நிமிடத்தில் முடிந்த அந்த விசாரணையில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: யார், எப்போது, என்ன சொன்னார்கள்?

மே மாதத்தில் பதில் வந்தது. இழிவாகப் பேசப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றும், ஊழியர் “கடந்தகால யுத்தத்தின் காரணமாக உளரீதியான பாதிப்புகளைக் கொண்டிருக்கக்கூடும்” என்பதால் உளவளத்துணை பெறுமாறு பரிந்துரைப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அனுதாபமான கடிதம். அடுத்த கிழமை அவர் அடகுப் பிரிவிலிருந்து கடன் வசூலுக்கு மாற்றப்பட்டார். கொடுத்த பகுதி அவருடைய சொந்த ஊரும் அயலூர்களும். “அந்தப் பக்கத்து ஆக்களோட உங்களுக்குத்தானே நல்லாப் பழக்கம்” என்று காரணம் சொல்லப்பட்டது. கொரோனா முடக்கத்தில் கூலிவேலை நின்றுபோயிருந்த நாட்களில், தவணை கேட்டுச் சொந்தச் சித்தியின் படலையடி வரை போனவர், மோட்டார்ச் சைக்கிளை நிறுத்தாமலே திரும்பியிருக்கிறார். வயிற்றெரிவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்கு நித்திரையும் போனது அதற்குப் பிறகுதான்.

போர் என்னும் விடை

வைத்தியர் எழுதிய வரியும், தலைமையகத்தின் கடிதமும், என்னுடைய முதல் மூன்று சந்திப்புகளும் ஒரே விடையைச் சொல்லின. வேறுவேறு நோக்கங்களோடு, மூவரும் போரைக் கைகாட்டினோம்.

இதன் பொருள் போரின் காயம் சிறியது என்பதன்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதிய ஆய்வு, தனிமனிதரோடு நிற்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைந்த கூட்டு மனவடுவைப் பதிவுசெய்தது. அதை மறுப்பவர் இங்கே வேலை செய்ய முடியாது. ஆனால் அதே 2010இல், மில்லர், ராஸ்முசன் ஆகிய உளவியலாளர்கள் இன்னொரு பக்கத்தைச் சுட்டினர். போர் கண்ட மக்களின் பிந்தைய நலிவில் பெரும்பங்கு, வறுமை, ஒதுக்கப்படுதல், வீட்டுப் பிணக்கு போன்ற நாளாந்த நெருக்கடிகள் வழியாக வருகிறது என்பது அவர்கள் வாதம். இலங்கை இளையோரிடையே நடந்த ஆய்வொன்றும் அந்த வாதத்துக்குத் துணைநின்றது. பாகுபாட்டை உணர்வது உளநலத்தையும் உடல்நலத்தையும் கெடுக்கிறது என்பதை 2009இல் பாஸ்கோவும் ஸ்மார்ட் ரிச்மனும் 134 மாதிரிகளைத் தொகுத்துக் காட்டியிருந்தனர்.

போரைக் காரணமாக எழுதுவதில் எல்லோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. போர் முடிந்துவிட்டது, அதற்குப் பொறுப்பானவர் இந்த அறையில் இல்லை, எந்தப் பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. தமிழராகிய நாங்கள் எங்களுக்குள் செய்துகொள்வதையும் அதற்குள் போட்டு மூடிவிடலாம். முள்ளிவாய்க்காலில் ஒரே மண்ணில் கிடந்தவர்கள் பதினொரு வருடத்துக்குள் விலாசம் பார்த்துச் சாவி கொடுக்கிறார்கள் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

சட்டம் எட்டும் தூரம்

1978 அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் ஓரவஞ்சனை காட்டுவதைத் தடுக்கிறது. இவர் பிறந்த இடம் கிளிநொச்சி என்பது ஒரு முரண். அதைவிடப் பெரிய தடை, உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டிய அடிப்படை உரிமை மனு, அரசின் ஆட்சித்துறை, நிருவாகச் செயல்களுக்கு எதிரானது என்பதே. தனியார் முகாமையாளரை அது எட்டாது. தொழிலில் பாகுபாட்டுக்கு எதிரான 111ஆம் இலக்கச் சர்வதேச சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. ஊனமுற்றோர் ஆட்சேர்ப்பில் ஓரவஞ்சனைக்கு உள்ளாவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ‘பின்னணி’க்கு அப்படியொரு சட்டம் இல்லை.

2022 பெப்ரவரியில் அவர் விலகற் கடிதம் கொடுத்தார். சேவை நான்கு வருடம் எட்டு மாதம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியானால், வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் கிடைக்கும். நான்கு மாதம் பொறுத்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் கையில் வந்திருக்கும். இதை நான் எடுத்துச் சொன்னேன். நான்கு மாதம் என்றால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். விலகும்படி நெருக்கப்பட்டதாகத் தொழில் நியாயசபையில் வாதாட வழி இருந்தும், சொந்தக் கையெழுத்தில் எழுதிய கடிதத்துக்கு எதிராகத் திரும்பவும் “யார் என்ன சொன்னார்கள்” என்ற கேள்விக்கு நிற்க அவர் விரும்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அது சரியா என்று இன்றும் உறுதியில்லை.

பின்னர்

விலகிய மறுமாதமே ரூபா சரிந்தது, பெற்றோலுக்கு வரிசை நின்றது, ஊரெல்லாம் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கு ஓடியது. நகையின் தரம் பார்க்கத் தெரிந்த அவர் வீட்டில் இருந்தார். ஆயினும் ஏப்ரலில் பி.எச்.கியூ-9 புள்ளி 11க்கு இறங்கியிருந்தது. வயிற்றுக் குளிசையை நிறுத்தியிருந்தார். நான் செய்தது அதிகமில்லை. நடந்தவற்றைத் திகதிவாரியாக எழுதவைத்து, எது விதி, எது விலக்கு, எது தன் பிழை என்று பிரித்தோம். 2018இல் விதி தளர்த்தப்பட்ட வரியை எழுதி முடித்த அன்றுதான் அவர் முதன்முறையாகக் கோபப்பட்டார்.

2023இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கிராமிய வங்கியில் அடகுப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். சேர்ந்த இரண்டாம் மாதமே இரண்டாவது சாவி அவரிடம் வந்தது. நம்பித் தந்தார்களா, வேறு ஆளில்லாமல் தந்தார்களா என்று தனக்குத் தெரியாது என்றார், கேட்கவும் இல்லையாம். கடைசியாகச் சந்தித்தபோது புள்ளி 6. நித்திரை வருகிறது. நகையை மட்டும் இன்னும் மூன்று தடவைதான் நிறுக்கிறார். வரிசையில் நிற்கிற சனம் முணுமுணுக்கிறதாம்.